கேஸ் கருவிகளும் 12 வோல்ட்டும்: சின்ன டிரெய்லரோடு ஒன்பது சீசன்

எங்கள் டிரெய்லர், காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன வீடு, 17 அடி நீளம். 2011-இல் தயாரானது. 2017 ஏப்ரலில் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். நாங்கள் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில். மே தொடங்கி அக்டோபர் நடு வரைதான் எங்களுக்கு சீசன். இந்த அக்டோபரோடு ஒன்பது சீசன் முடிந்தது. உள்ளே இரண்டு பர்னர் அடுப்பு, மூன்று வழி ஃப்ரிட்ஜ் (கேஸ், 120 வோல்ட், 12 வோல்ட் மூன்றிலும் ஓடும்), 6 கேலன் வெந்நீர் ஹீட்டர், குளிருக்கு 16,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) ஃபர்னஸ், கூரையில் ஒரு ஏ.சி. டயர், பிரேக், கூரை ஒழுகல் பற்றி இங்கே பேசப் போவதில்லை. கரண்ட், கேஸ், இவற்றில் ஓடும் சாமான்கள் மட்டும்.

டிரெய்லர் வாங்க நினைக்கும் நண்பர்கள் முதலில் கேட்பது, "ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வரும்?" நானும் வாங்கும்போது அதைத்தான் கேட்டேன். பேட்டரியைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். எங்கள் வண்டியில் லைட்டர் வைத்துப் பற்றவைக்கும் அடுப்பைத் தவிர, கேஸில் ஓடும் எதுவும் 12 வோல்ட் கரண்ட் இல்லாமல் ஓடாது. ஃப்ரிட்ஜில் பொறி தட்டும் போர்டுக்கு அது வேண்டும். ஹீட்டரின் கேஸ் வால்வு திறக்கவும் அது வேண்டும். ஃபர்னஸுக்கோ ஃபேனே அதில்தான் சுற்றுகிறது. சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தும் விடியவிடியக் குளிரில் நடுங்கலாம். நாங்கள் நடுங்கினோம்.

2018 செப்டம்பர் கடைசி. டக்வாமெனான் அருவிக்குப் பக்கத்தில், மின் இணைப்பு இல்லாத முகாம். அருவித் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் விழும் இடம். தேவதாருச் சதுப்புகளிலிருந்து இறங்கும் டானின்தான் அந்த நிறத்துக்குக் காரணம். ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரும் மாமியாரும் எங்களோடு இருந்தார்கள். மாமனார் தமிழ்நாடு மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இரவு ஒரு மணிக்கு வெளியே 2 டிகிரி. ஃபர்னஸ் ஃபேன் ஓடுகிறது, காற்று வருகிறது, அனல் வரவில்லை.

ஒழுங்காக இருந்தால் அந்தச் சத்தத்துக்கு ஒரு வரிசை உண்டு. ஃபேன் கிளம்பும். பதினைந்து விநாடி போல வெறுமனே ஓடும். 'டிக் டிக் டிக்' என்று பொறி தட்டும். 'புஸ்' என்று பற்றிக்கொள்ளும். அன்றைக்கு ஃபேனோடு சரி, டிக் வரவே இல்லை. அந்தக் கோடையில் இதே கோளாறுக்கு ஒரு கடையில் காட்டியிருந்தேன். ரெகுலேட்டரை மாற்றினார்கள். சரியாகவில்லை என்றதும் கன்ட்ரோல் போர்டை மாற்ற வேண்டும் என்றார்கள். ஃபேன் ஓடும்போது வோல்ட் எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மாமனார் மல்டிமீட்டரை வாங்கிக்கொண்டார். நான், "பேட்டரி நல்லாத்தான் மாமா இருக்கு, 12.4 காட்டுது" என்றேன். "சும்மா இருக்கும்போது காட்டும் மாப்ள. லோடுல பாத்தீங்களா? ஃபேன் ஓடும்போது ஃபேன்கிட்ட எவ்வளவு வருதுன்னு பாக்கணும்" என்றார். பார்த்தோம். பேட்டரி முனையில் 12.2. ஃபர்னஸ் முனையில் 10.7. ஒன்றரை வோல்ட் வழியில் எங்கேயோ காணாமல் போயிருந்தது.

"லைட்டப் பிடிங்க மாப்ள" என்று டிரெய்லரின் முன்பக்கத்துக்குப் போய்க் குந்தினார். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொரு முனையை டிரெய்லரின் இரும்புச் சட்டத்திலும் வைத்தார். இரண்டும் ஒரே கம்பியால் இணைந்தவை. மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். 1.3 காட்டியது. நெகட்டிவ் கம்பியைச் சட்டத்தோடு இறுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றியதும் கதை புரிந்தது. வாஷருக்கு அடியில் துரு, கம்பியின் முனை வளையத்தில் பச்சைக் களிம்பு. சாக்கடைக் குழாய் மாட்டும் பெட்டியில் கிடந்த உப்புத்தாளால் இரண்டு பக்கமும் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலைன் தடவினோம். மொத்தம் இருபது நிமிஷம். தெர்மோஸ்டாட்டைத் திருப்பினேன். ஃபேன், பதினைந்து விநாடி, டிக் டிக், புஸ். உள்ளே மாமியார், "வந்துருச்சு, வந்துருச்சு" என்றார்.

ஃபர்னஸுக்குள் செயில் சுவிட்ச் என்று ஒன்று உண்டு. சின்னத் தகடு, ஃபேன் காற்று போதிய வேகத்தில் வந்து தள்ளினால்தான் சுவிட்ச் மூடும், மூடினால்தான் கேஸ் திறக்கும். வோல்ட் குறைந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், தகடு நகராது, தீ பற்றாது. கருவி செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது. கேஸ் கோளாறு போலத் தெரிந்தாலும், அது வோல்ட் கோளாறு. அன்றிலிருந்து எது ஓடாவிட்டாலும் எனக்கு முதல் வேலை, லோடில் வைத்து வோல்ட் பார்ப்பது. ஒன்பது வருஷத்தில் நான் சரி செய்த கோளாறுகளில் பாதிக்கு மேல் அப்படிப் பிடித்தவைதான்.

பேட்டரிக்கு வருகிறேன். முதலில் இருந்தது நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி போன்ற லெட் ஆசிட், 75 ஆம்பியர்-மணி. அதில் பாதிதான் நமக்கு. நிறைந்து, ஓய்வில் இருந்தால் 12.7 வோல்ட். 12.1-க்கு வந்தால் பாதி காலி; அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். எங்கள் ஃபர்னஸ் ஃபேன் 7 ஆம்பியர் இழுக்கும். குளிர் இரவில் பாதி நேரம் ஓடினால் எட்டு மணி நேரத்தில் 28 போய்விடும். நமக்குக் கிடைக்கும் அந்தப் பாதியில் முக்கால்வாசி ஒரே இரவில் காலியாவது இப்படித்தான். மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் பார்க்கும் பழக்கம், ஊரில் பவர்கட் காலத்தில் இன்வெர்ட்டர் வைத்திருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2021-இல் 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு மாறினேன். எடை பாதிக்கும் கீழே, கொள்ளளவு கிட்டத்தட்ட முழுவதும் பயன்படுத்தலாம், கடைசி வரை வோல்ட் இறங்காமல் நிற்பதால் ஃபர்னஸ் ஒருநாளும் தயங்கியதில்லை. இந்த ஒன்பது வருஷத்தில் போட்ட பணத்தில் மனசுக்கு நிறைவானது இதுதான். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்து வாங்குங்கள். முகாம் கரண்டை 12 வோல்ட்டாக மாற்றி பேட்டரிக்கு ஏற்றும் பழைய கன்வெர்ட்டர் 13.6 வோல்ட்டோடு நின்றுவிடும். லித்தியம் முழுதாக நிறைய 14.4 போல வேண்டும். எனவே கன்வெர்ட்டரையும் மாற்றினேன். இரண்டாவது, உறைநிலைக்குக் கீழே, அதாவது 0 டிகிரிக்குக் கீழே, இதைச் சார்ஜ் செய்யக் கூடாது. பயன்படுத்தலாம், ஏற்றக் கூடாது. ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். குளிரில் தானே சார்ஜை வெட்டும் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நவம்பரில் நான் பேட்டரியைக் கழற்றி வீட்டு பேஸ்மென்ட்டில் வைத்துவிடுகிறேன்.

கூரையில் 100 வாட் சோலார். வெயிலில் நிறுத்தினால் ஜூலையில் ஒரு நாளைக்கு 30 ஆம்பியர்-மணி கிடைக்கும். ஆனால் மிச்சிகன் முகாம்களில் நிழல்தான் அழகே. மேப்பிள் மரத்தடியில் ஒரு ஆம்பியர்கூட வருவதில்லை. கையில் தூக்கி வைக்கும் பேனலும் 30 அடி கேபிளும்தான் எங்களுக்கு உதவியது. கூரை பேனலை இன்று புதிதாக வாங்குவதென்றால் வாங்க மாட்டேன்.

முகாமில் கரண்ட் இருந்தால் 30 ஆம்பியர் பிளக், 120 வோல்ட், அதாவது 3,600 வாட். மாமனார் கற்றுக்கொடுத்த இன்னொரு பழக்கம், முகாமின் மின் தூணில் வோல்ட் பார்க்காமல் பிளக்கைச் செருகாதது. கோடை விடுமுறைக் கூட்டத்தில் எல்லாரும் ஏ.சி. போடும்போது 120 என்பது 105-க்குக் கீழே போவதைப் பார்த்திருக்கிறேன். அப்போது ஏ.சி.யை அணைத்துவிடுவேன், குறைந்த வோல்ட்டில் கம்ப்ரெசர் சூடாகிப் போகும். வீட்டில் இந்தப் பாயின்ட் வைப்பவர்களுக்கு ஒன்று: எலெக்ட்ரீஷியனிடம் 120 வோல்ட் என்று இரண்டு தடவை சொல்லுங்கள். பார்க்கத் துணி உலர்த்தும் மெஷினின் 240 வோல்ட் பிளக் போலிருப்பதால் பழக்கதோஷத்தில் 240 கொடுத்துவிடுகிறார்கள். நண்பர் ஒருவர் வீட்டில் அப்படி நடந்து, செருகிய மறுநிமிஷம் கன்வெர்ட்டரும் மைக்ரோவேவும் போயின.

கேஸ். இங்கே டிரெய்லரில் மாட்டுவது 20 பவுண்ட் சிலிண்டர், 9 கிலோ. நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். இங்கே பெரும்பாலும் புரொப்பேன்தான். பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும், புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். ஒரு சிலிண்டரில் சுமார் 4,30,000 பி.டி.யு. ஃபர்னஸ் நிற்காமல் ஓடினால் 27 மணி நேரம். ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடினால் இரண்டு வாரம். எவ்வளவு மிச்சம் என்று பார்க்க அம்மா ஊரில் செய்ததையே செய்கிறேன். ஈரத்துணியால் ஒரு துடைப்பு துடைத்தால் திரவம் இருக்கும் மட்டம் வரை ஈரம் தாமதமாகக் காயும்.

சிலிண்டர் வால்வைப் படாரென்று திறக்காதீர்கள். வேகமாகத் திறந்தால் குழாய் அறுந்துவிட்டது என்று நினைத்து இணைப்பிலுள்ள பாதுகாப்பு, கேஸை நூல் போல ஒழுகவிடும். அடுப்பு சிணுங்கும், ஃபர்னஸ் பற்றாது. எல்லாவற்றையும் அணைத்து, வால்வை மூடி, ஒரு நிமிஷம் விட்டு, மெல்லத் திறந்தால் சரியாகிவிடும். வருஷா வருஷம் முதல் பயணத்துக்கு முன் எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கிறேன். நம்மூர் சிலிண்டரில் ஏ, பி, சி, டி என்று காலாண்டும் வருஷமும் எழுதியிருப்பது போல, இங்கே கழுத்து வளையத்தில் தயாரித்த மாதமும் வருஷமும் பொறித்திருக்கும். 12 வருஷம் தாண்டினால் மறுசோதனை இல்லாமல் நிரப்ப மாட்டார்கள். படுக்கைக்குக் கீழே தரையோரம் இருக்கும் கேஸ் அலாரத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. புரொப்பேன் காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும். அதனால்தான் அது அங்கே இருக்கிறது. காலணி வைத்து மறைக்காதீர்கள்.

ஃப்ரிட்ஜ்தான் எனக்கு மிகவும் பிடித்த சாமான். கம்ப்ரெசர் இல்லை, அசையும் பாகம் எதுவும் இல்லை. உள்ளே அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும்தான்; அம்மோனியா கலந்த தண்ணீரை ஒரு சின்னச் சுடர் சூடாக்க, அந்தச் சூட்டிலிருந்தே குளிர் பிறக்கிறது. 1922-இல் ஸ்வீடனில் ஃபான் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தது. திரவம் தானே வழிந்து இறங்க வேண்டும் என்பதால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும். சாய்த்து வைத்து நாள்கணக்கில் ஓட்டினால் திரவம் திரும்பாமல் கொதிகலன் காய்ந்து, துருத்தடுப்பு உப்பு படிந்து குழாயை அடைத்துவிடும். அந்தச் சேதத்துக்கு மருந்து இல்லை. நிறுத்தியதும் நான் முதலில் எடுப்பது ரசமட்டம்தான். 12 வோல்ட்டில் இது 11 ஆம்பியர் இழுக்கும். கார் ஓடும்போது மட்டும் அதில் வையுங்கள். முகாமில் மறந்து விட்டுவிட்டால் சாயங்காலத்துக்குள் பேட்டரி காலி.

வருஷத்துக்கு ஒருமுறை பின்பக்கக் கதவைத் திறந்து பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும். புகைக்குழாயிலிருந்து துருச் செதில் விழுந்து சுடரை மஞ்சளாக்கும். நீலமாக, நேராக, லேசாக இரைந்து எரிய வேண்டும். கேஸ் வரும் சின்னத் துளையில் ஊசி, கம்பி விடவே கூடாது, துளை பெரிதாகிவிடும். ஸ்பிரிட்டில் ஊறவைத்து ஊதினால் போதும். 2020-இல் ஹீட்டர் பர்னர் குழாயில் சிலந்தி வலை. பற்றவைத்ததும் தீ வெளியே நக்கியது. அதற்குப் பிறகு ஃபர்னஸுக்கும் ஹீட்டருக்கும் வெளி வாயில் கம்பி வலை போட்டேன். குளவிகளும் அங்கே மண்கூடு கட்டும்.

வெந்நீர் ஹீட்டரின் தொட்டி இரும்பு என்றால் உள்ளே ஆனோடு கம்பி இருக்கும். தொட்டிக்குப் பதில் தான் அரித்துப்போவதற்கென்றே வைத்த மெக்னீசியம். முதல் வருஷக் கடைசியில் கழற்றியபோது விரல் தடிமன் இருக்க வேண்டியது, வெறும் கம்பியாக, சுண்ணாம்புச் சகதியோடு வந்தது. முகாம்களில் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர்தான். இப்போது ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் பார்க்கிறேன். அலுமினியத் தொட்டிக்கு இது கிடையாது. தொட்டியில் தண்ணீர் இல்லாமல் மின்சுவிட்சைப் போட்டால் எலிமென்ட் ஒரு நிமிஷத்தில் கருகிவிடும்.

ஜெனரேட்டர் எங்களிடம் 2,000 வாட் பெட்ரோல் ரகம். லித்தியம் வந்தபின் வருஷத்துக்கு மூன்று நாள் ஓடினால் அதிகம். எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் நின்றால் கார்பரேட்டரில் பிசினாகும்; அதனால் சீசன் முடிந்ததும் வடித்து, அதுவாக நிற்கும் வரை ஓடவிட்டு வைக்கிறேன். கூரை ஏ.சி.யை இது கிளப்பாது.

ஃப்ரிட்ஜுக்கு இப்போது 14 வயது. அம்மோனியா வாசனையோ, பின்குழாயில் மஞ்சள் பொடியோ இதுவரை இல்லை. வந்துவிட்டால் கேஸ் ஃப்ரிட்ஜ் திரும்ப வாங்குவதா, 12 வோல்ட் கம்ப்ரெசர் ஃப்ரிட்ஜா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. கம்ப்ரெசர் என்றால் மட்டம் பார்க்க வேண்டாம், ஆனால் நாளைக்கு 30, 40 ஆம்பியர்-மணி தின்னும். அதற்கு இன்னொரு 100 ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும். முன்பக்கப் பெட்டியில் இடம் அளந்து பார்த்தேன். ஒன்று வைக்கலாம்.