சமசமாஜத்துக்குத் தனிக் கட்டு இல்லாத கடை

கொழும்பு டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடை வரிசையில், பெயர்ப்பலகை மங்கிப்போன ஒரு சிறிய கடை இருக்கிறது. சாதாரண தர வினாத்தாள் வாங்க வருகிறவர்கள் முன் மேசையோடு திரும்பிவிடுவார்கள். பழைய கட்சிப் பிரசுரங்கள் வேண்டுமென்றால் உள்ளே குனிந்து போகவேண்டும்.

உள்ளே சரக்கு நிறைய உண்டு. அடுக்கியிருக்கும் முறைதான் விசித்திரம். முதலாளி கட்சிவாரியாகப் பிரிப்பதில்லை, ஆட்சிவாரியாகக் கட்டி வைத்திருக்கிறார்: டட்லி சேனநாயக்க, சிறிமா பண்டாரநாயக்க, ஜே.ஆர். ஜயவர்தன. நான் தேடிப் போனது இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியின் தாள்களை. “நாநா, சமசமாஜக் கட்சி எங்கே?” என்று கேட்டேன். “சிறிமா அம்மையாரின் கட்டுக்குள் பாருங்கள் சேர், அங்கேதானே போனார்கள்” என்றார்.

1964இல் அவருடைய அரசில் சேர்ந்ததற்காக ட்ரொட்ஸ்கியவாதிகளின் உலக அமைப்பான நான்காம் அகிலம் இந்தக் கட்சியை வெளியேற்றியது. அந்த வரலாற்றை முதலாளி தும்புக் கயிற்றால் கட்டி வைத்துவிட்டார்! 1970க்கும் 1975க்கும் இடைப்பட்ட தாள்களுக்கு அந்த இடம் சரிதான். 19 ஆசனங்களோடு சிறிமாவின் ஐக்கிய முன்னணி அரசில் இருந்தார்கள், என்.எம். பெரேராவுக்கு நிதி, லெஸ்லி குணவர்தனவுக்குப் போக்குவரத்து. ஆனால் 1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தால் துண்டுப்பிரசுரத்துக்கு அங்கே என்ன வேலை? டட்லி ஆட்சியில் ஒரு கொத்து அளவு அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியதற்கு எதிராக இடதுசாரிகள் முன்னின்று நடத்திய போராட்டம் அது. உள்ளங்கை அகலத் தாள், தமிழ் அச்சு, ‘அரிசி’ என்ற சொல்லின் நடுவே பூச்சி அரித்த ஓட்டை. சிறிமாவின் சுதந்திரக் கட்சியின் மே தின அழைப்பிதழ்கள் இரண்டுக்கு நடுவே நசுங்கிக் கிடந்தது. 300 ரூபாய் கேட்டார், மறுபேச்சில்லாமல் கொடுத்தேன்.

அடுத்து எடுத்தது 1972 அரசியலமைப்பை விளக்கும் தமிழ்ப் பிரசுரம். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து நாடாளுமன்றத்தில் முழங்கிய சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வாதான் அதை ஆக்குவதற்குப் பொறுப்பான அமைச்சர். சிங்களம் மட்டும் அரச கரும மொழி, பௌத்தத்துக்கு முதன்மை இடம். பழைய சொந்தக்காரர் யாரோ அந்த வரிகளின் கீழே பச்சை மையால் தாள் கிழியுமளவுக்குக் கோடு போட்டிருக்கிறார். இதற்கு 600 ரூபாய் அதிகம் என்று சண்டை பிடித்து 450க்கு இறக்கினேன்.

ஜே.ஆர். கட்டில் சமசமாஜத் தாள் ஒன்றுகூட அகப்படவில்லை. 1977 தேர்தலில் ஓர் ஆசனமும் கிடைக்காதவர்களுக்கு அங்கும் இடமில்லைப் போலும்.

குறைகள் சில. வெளிச்சம் போதாது. கயிறு தாளின் ஓரத்தை அறுக்கிறது. வாங்காமல் படம் எடுத்தால் முகம் சுளிப்பார். அதில் அவர்மேல் தவறில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடை பூட்டியிருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். கையோடு கெட்டி அட்டைக் கோப்பு ஒன்றும் கொண்டுபோங்கள். முதலாளி எதையும் நான்காக மடித்துத்தான் சுற்றித் தருவார். ஹர்த்தால் காலத்துத் தாள் அந்த மடிப்பைத் தாங்காது.