வெற்றிலை போட்ட வாய்க்குப் பேட்ச்சா, சுவிங்கமா?

சிகரட்டையோ பீடியையோ வெற்றிலையோடு சேரும் புகையிலையையோ விட நினைக்கிறவர் பாமசியில் கேட்டால் இரண்டு பொருளைப் பற்றித்தான் சொல்வார்கள். ஒன்று தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச், மற்றது நிக்கோட்டின் சுவிங்கம். தெரிவு செய்ய வேண்டி வந்தபோது நாங்கள் எடுத்தது பேட்ச்சை. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வாய்ப் பழக்கத்தை அறிந்தவர்களுக்கு அந்தச் சாய்வின் காரணம் விளங்கும்.

இரண்டுக்கும் பொதுவானதை முதலில் முடித்துவிடலாம். இரண்டும் கொடுப்பது புகையிலையில் ஆளை அடிமையாக்கும் நிக்கோட்டினை மட்டுந்தான். புகை, தார், காபன் மொனொக்சைட்டு எதுவும் இல்லை. நிக்கோட்டின் மாற்று மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 2009 இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. புகைப்பதை விட்டுவிடும் வாய்ப்பை இவை 50 முதல் 60 வீதம் வரை கூட்டுகின்றன என்பது, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பாய்வு சொன்ன கணக்கு. இலத்திரனியல் சிகரட்டை இங்கே சேர்க்கவில்லை. அது மருந்தல்ல, புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரட்டை, மெல்லும் புகையிலைக் கலவைகளோடு சேர்த்து, 2016 இன் ஒழுங்குவிதி இலங்கையில் தடை செய்தும் விட்டது.

பலனில் பேட்ச்சும் சுவிங்கமும் கிட்டத்தட்டச் சமம் என்றால் எதை வைத்து முடிவெடுப்பது? வாயை வைத்துத்தான்.

நிக்கோட்டின் சுவிங்கம் என்று பெயர் இருந்தாலும் அது தொடர்ந்து மெல்லுகிற பொருளல்ல. மிளகு கடித்ததுபோல ஒரு சுறுசுறுப்பு வரும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் முரசுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். சுறுசுறுப்பு அடங்கியதும் மறுபடி சில கடி, இம்முறை மற்றப் பக்கத்தில் ஒதுக்கல். இப்படி அரை மணித்தியாலம். நிக்கோட்டின் இரத்தத்தில் சேர்வது கன்னத்தின் உட்தோல் வழியாக. விழுங்கினால் வயிற்றுக்குப் போய், அதில் பெரும்பகுதியை ஈரலே சிதைத்துவிடும். மிஞ்சுவது விக்கல், நெஞ்செரிவு, குமட்டல். முப்பது வருடம் வெற்றிலை போட்ட தாடைக்கு இந்த ஒதுக்கி வைக்கும் பொறுமை லேசில் வராது. வேகமாக மெல்லும், சாறு ஊறினால் விழுங்கும், அல்லது பழக்கதோசத்தில் துப்பும். துப்பினால் மருந்தும் அதோடு போய்விடும். "சுவிங்கம் சரிவராது" என்று சொல்பவர்களில் பலர் மென்ற விதந்தான் சரிவராமல் போயிருக்கிறது.

அடுத்தது புளிப்பு. வெற்றிலையில் சுண்ணாம்பு செய்யும் வேலை இங்கேயும் நடக்க வேண்டும்: வாய் காரத்தன்மையோடு (உறைப்பல்ல, புளிப்புக்கு எதிரான தன்மை) இருந்தால்தான் நிக்கோட்டின் கன்னத்தில் ஊறும். அதற்காகவே சுவிங்கத்துக்குள் காரப்பொருள் சேர்க்கிறார்கள். கோப்பி, சோடா, தேசிக்காய்த் தண்ணி, தோடம்பழச் சாறு இவற்றில் எதைக் குடித்தாலும் அந்தக் காரம் கெட்டுவிடும். மெல்லுவதற்கு 15 நிமிடத்துக்கு முன்பிருந்து மென்று முடியும்வரை தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம். புளி கரைத்த மீன்குழம்போடு சோறு சாப்பிட்டவர் வாயைக் கழுவிக் கொஞ்சம் பொறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

இவை இரண்டையும் பழக்கித் திருத்தலாம். மூன்றாவதைத் திருத்த முடியாது, எங்கள் முடிவும் அதில்தான் நிற்கிறது. பாக்கு வருடக்கணக்கில் கன்னத்தின் உட்தோலைத் தடிக்கச் செய்து, நார் பாய வைத்து, வாயை இறுக்கிவிடும். முதலில் உறைப்புக் கறி பட்டால் எரியும். பிறகு உட்புறம் வெளிறி, விரலால் தடவினால் கயிறுபோலத் தட்டுப்படும். கடைசியில் வாய் முழுதாகத் திறக்காது. உங்கள் நடு மூன்று விரல்களைச் செங்குத்தாக மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். மூன்று விரல் போகாவிட்டால் சுவிங்கத்தைப் பற்றி யோசிக்காமல் முதலில் பல் கிளினிக்குக்குப் போக வேண்டும். இரண்டு மூன்று கிழமையில் ஆறாத புண்ணுக்கும், தேய்த்தால் போகாத வெள்ளைப் படலத்துக்கும் இதேதான். அப்படியான வாயில் நாளுக்கு ஒன்பது, பத்துச் சுவிங்கம் மெல்லச் சொல்வது நியாயமில்லை. பல் ஆடுகிறவருக்கும் கட்டுப்பல் வைத்தவருக்கும் அது ஒட்டிக்கொண்டு கஷ்டம் கொடுக்கும். பேட்ச் வாயைத் தொடுவதே இல்லை.

இன்னுமொன்று. பாக்கே தனியாகப் புற்றுநோய் தரக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியிருக்கிறது. புகையிலையை மட்டும் எடுத்துவிட்டு வெற்றிலையும் பாக்கும் போடுவது பாதி வேலைதான். வாய்க்கு அசைபோடும் பழக்கத்தையே மறக்கடிக்க வேண்டிய நேரத்தில் இன்னொரு மெல்லும் பொருளைக் கொடுப்பதில் எங்களுக்கு விருப்பமில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. மேலே சொன்ன 50, 60 வீதக் கணக்கு புகைப்பவர்களுக்கானது. மெல்லுபவர்களிடம் நடந்த ஆய்வுகள் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை பாக்குச் சேராத புகையிலையைப் பாவிக்கும் மேல்நாட்டவரிடம் நடந்தவை. அங்கே பேட்ச், சுவிங்கம் இரண்டுமே தெளிவான பலனைக் காட்டவில்லை. ஆகவே மெல்லுபவருக்குப் பேட்ச்சைச் சொல்வது வாயைக் காப்பாற்றும் நோக்கில்தான். சுவிங்கத்தை விட அது பழக்கத்தை விடவைக்கும் என்ற நிரூபணத்தில் அல்ல. பெட்டியில் அச்சிட்ட அளவும் சிகரட் கணக்குத்தான். நாளுக்கு எத்தனை வாய் வெற்றிலை, எவ்வளவு புகையிலைத் துண்டு என்று வைத்தியரிடம் சொல்லி அளவைத் தீர்மானியுங்கள்.

சிகரட் கணக்கு இப்படி: நாளுக்குப் பத்துக்கு மேல் என்றால் 21 மில்லிகிராம் பேட்ச் 6 கிழமை, 14 இல் 2 கிழமை, 7 இல் 2 கிழமை. மொத்தம் 70 பேட்ச். சுவிங்கம் என்றால் முதல் 6 கிழமைக்கு நாளுக்குக் குறைந்தது 9, அந்தக் காலத்துக்கு மட்டும் 378. எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் முதல் சிகரட்டைப் பற்றவைக்கிறவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2. பாமசியில் விலை கேட்கும்போது இந்த எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். ஒரு பெட்டி விலையை மட்டும் ஒப்பிட்டு ஏமாற வேண்டாம்.

பேட்ச்சின் எதிரி வியர்வை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பத்து மணிக்கே முதுகு நனைந்துவிடும். காலையில் குளித்து, ஈரம் முழுதாகக் காய்ந்த பிறகு, மயிரில்லாத மேற்கையிலோ நெஞ்சிலோ ஒட்டி, உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்த வேண்டும். அந்த இடத்தில் தேங்காயெண்ணெய், கிறீம், பவுடர் எதுவும் கூடாது. எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் பேட்ச் கழன்று விழுவது இதனால்தான். ஓரம் கிளம்பினால் மேலே சர்ஜிக்கல் டேப் ஒட்டலாம். முழுதாக விழுந்தால் வேறிடத்தில் புதிது ஒட்டி, மறுநாள் வழமையான நேரத்துக்கு மாற்றுங்கள். அதே இடத்துக்கு ஒரு கிழமை ஓய்வு. முதல் ஒரு மணித்தியாலம் அரிப்பது சாதாரணம். நாலு நாளாகியும் சிவப்புப் போகாவிட்டால் நிறுத்த வேண்டும். வயலிலோ தோணியிலோ உச்சி வெயிலில் நிற்பவர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: தோல் சூடேறினால் நிக்கோட்டின் வேகமாக உள்ளே போகும். தலைசுற்றி, வாந்தி வருவதுபோல் இருந்தால் பேட்ச்சைக் கழற்றி நிழலுக்கு வாருங்கள். ஒட்டுமிடம் உடுப்புக்குள் மறைந்திருப்பது நல்லது. இரவில் கனவு தொந்தரவு செய்தால் படுக்குமுன் கழற்றலாம், ஆனால் விடியற்காலை ஆசை கொஞ்சம் கூடும். கழற்றியதிலும் நிக்கோட்டின் மிஞ்சியிருக்கும்; ஒட்டும் பக்கம் உள்ளே வர மடித்து, சிறுபிள்ளைகளின் கைக்கு எட்டாமல் போடுங்கள்.

சுவிங்கம் உண்மையில் வெல்லும் இடம் ஒன்று உண்டு. பேட்ச் மெதுவாக, ஒரே சீராகக் கொடுக்கும். கல்யாண வீட்டில் வெற்றிலை வட்டா முன்னால் வரும்போது திடீரென்று எழும் ஆசையை அதனால் அடக்க முடியாது. வாய் நன்றாக இருக்கிற புகைப்பவர் பேட்ச்சோடு சேர்த்து 2 மில்லிகிராம் சுவிங்கத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பது, ஒன்றை மட்டும் பாவிப்பதை விட நல்ல பலன் தருகிறது. ஆய்வுகளும் அப்படித்தான் சொல்கின்றன. கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் எதையும் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

ஆஸ்மாவுக்குக் கிளினிக்கில் தியோபிலின் எடுப்பவர் புகைப்பதை விடும் நாளை அங்கே முன்கூட்டியே சொல்ல வேண்டும். புகையில் உள்ள தார் அந்த மருந்தை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றிக்கொண்டிருந்தது. புகை நின்றதும் அதே குளிசை இரத்தத்தில் கூடித் தங்கும். பேட்ச் ஒட்டினாலும் சுவிங்கம் மென்றாலும் இது மாறாது. அளவைக் குறைக்க வேண்டுமா என்பதைக் கிளினிக் வைத்தியர் தீர்மானிப்பார்.