சினிமா கிராபிக்ஸா, சிமுலேட்டரா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் என் அண்ணன் மகள் கணினிப் படிப்பை முடிக்கப் போகிறாள். கிராபிக்ஸ் துறையில் ஒருநாள் ஒரு நிறுவனத்தையே நடத்த வேண்டும் என்பது அவள் ஆசை. சரி, சினிமா கிராபிக்ஸா, நிஜ வண்டி போலவே ஓட்டிப் பழக உதவும் சிமுலேட்டரா, எந்தப் பக்கம் போவது?

இரண்டுமே ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் டேவிட் எவான்ஸும் ஐவன் சதர்லாந்தும் 1968இல் தொடங்கிய நிறுவனம், விமானிப் பயிற்சி சிமுலேட்டர்களுக்கான காட்சிகளால் பேர் வாங்கியது. அதே பல்கலைக்கழகத்தில் படித்து 1974இல் முனைவரான எட் கேட்மல் சினிமாவைப் பிடித்துக்கொண்டார். அவர் சேர்ந்து நிறுவிய அனிமேஷன் நிறுவனமான பிக்சார் 1986இல் தனி நிறுவனமானது. கணினி விற்றும் விளம்பரம் எடுத்தும் காலம் தள்ளி, 1995இல்தான் முதல் முழுநீளப் படத்தைக் கொடுத்தது. பட்டம் வாங்கி 21 வருடம்! அந்தப் பொறுமை எத்தனை பேருக்கு வரும்?

வேலையும் வேறு மாதிரி. சினிமாவில் ஒரு பிம்பத்தை உருவாக்கக் கணினி மணிக்கணக்கில் உழைக்கலாம். சிமுலேட்டரில் நொடிக்குப் பல பிம்பங்கள் உடனுக்குடன் வந்தாக வேண்டும். அதோடு வண்டியின் எடை, பிரேக், சரிவு எல்லாம் நிஜம் போலவே நடக்க வேண்டும். அதில் பழகியவர்தான் நாளை சுரங்கத்தில் பெரிய லாரியை ஓட்டப் போகிறார்.

அனிமேஷன் என்றால் கேப் டவுனில் டிரிகர்ஃபிஷ் இருக்கிறது. சுரங்க சிமுலேட்டர் செய்யும் தரோடெக் நம்ம டர்பனிலேயே இருக்கிறது. சிமுலேட்டர் பக்கம் போ என்றுதான் அவளிடம் சொன்னேன். ஓர் உயிர் தப்ப அவள் வேலை உதவினால் எனக்கு அது போதும்.