ஸ்டோரேஜ் அறை வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: என் 12,640 வெள்ளி (ரிங்கிட்) போச்சு

சனிக்கிழமை மத்தியானம் அந்த இரும்புச் சுருள்கதவைத் தூக்கினேன், முதலில் வந்தது வாடை. மழையில் நனைந்து மூலையில் கிடக்கும் கோணிச்சாக்கு வாடை. அக்கா மகளின் வளைகாப்புக்குக் குத்துவிளக்கு எடுக்கத்தான் போனேன். விளக்கு கிடைத்தது, மற்றதெல்லாம் போச்சு. இன்றோடு நாலு நாள் ஆகிறது, சாப்பாடு இறங்கவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் படிக்காமல் போய்விடாதீர்கள், நம் ஆட்கள் நிறைய பேர் இப்போது இப்படித்தான் பொருள் வைக்கிறார்கள்.

பெயர் சொல்லமாட்டேன். வழக்குப் போடும்வரை வாயைக் கொடுக்காதே என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கோலாலம்பூரில் ஒரு பழைய தொழிற்பேட்டை, அதில் ஒரு நாலு மாடிக் கட்டடம், உள்ளே தகரத் தடுப்புப் போட்டு அறை அறையாகப் பிரித்து மாத வாடகைக்கு விடுகிற செல்ஃப் ஸ்டோரேஜ். இவ்வளவு போதும்.

செந்தூலில் 22 வருடம் இருந்த தரைவீட்டைப் போன வருடம் விற்றோம். புது கொண்டோ, அடுக்குமாடி வீடு, 850 சதுர அடி, அதற்கும் சாவி தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது, அதுவரை தங்கை வீட்டில் ஓர் அறை. தரைவீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், பின்கட்டை இழுத்துக் கட்டி அதில்தான் எல்லாமே கிடக்கும். நான் வீட்டிலிருந்தே சேலை விற்கிறேன், கல்யாண வீடுகளுக்கு மணவறைத் துணி வாடகைக்குக் கொடுப்பேன், எல்லாம் அந்தப் பின்கட்டில்தான். கொண்டோவில் பின்கட்டு ஏது? இந்த ஊர் மேலே மேலே கட்டிக்கொண்டு போகிறது, வீடு சின்னதாகிக்கொண்டே வருகிறது, பொருள் மட்டும் குறையவில்லை. தீபாவளி முடிந்ததும் மிச்சச் சரக்கு, சோபா, மெத்தை, அப்பா படங்கள் எல்லாவற்றையும் எங்கே வைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டு இருந்தபோதுதான் ஃபேஸ்புக்கில் அந்த விளம்பரம். '24 மணி நேரமும் ஏர்கோன்' (ஏசி) என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தான்.

போய்ப் பார்த்தோம். காட்டுவதற்கு வந்தது ஒரு தமிழ்ப் பையன், 25, 26 வயது இருக்கும், நெற்றியில் திருநீறு. வாசலிலேயே "வாங்க அக்கா, அண்ணன் வாங்க" என்று கூப்பிட்டான். முதல் மாடியில் ஒரு அறையைத் திறந்து காட்டினான், உள்ளே கால் வைத்தால் குளுகுளுவென்று இருந்தது, தரை துடைத்து வைத்த மாதிரி. வரிசையாக நடந்துகொண்டே சொல்லிக்கொண்டு வந்தான். இது ஓர் ஆடிட்டர் எடுத்தது அக்கா, கம்பெனிச் சட்டப்படி கணக்கு எல்லாம் 7 வருஷம் வச்சிருக்கணும்ல, ஆபீஸ்ல இடம் பத்தாது. இது ஆன்லைன்ல அழகுச் சாமான் விக்கிற பொண்ணு, தினமும் வந்து பார்சல் எடுத்துட்டுப் போகும், கடை வாடகைய விட இது மலிவு. இது வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன ஒரு குடும்பம், வீட்டையே தூக்கி வச்சிட்டுப் போயிட்டாங்க. எனக்கும் பார்க்கப் பார்க்க நம்பிக்கை வந்தது. உண்மையில் அந்த ஏற்பாடு தேவையானதுதான், அதை நான் இப்போதும் குறை சொல்லவில்லை. வாசலுக்கு பின் நம்பர், நடைபாதை எல்லாம் சிசிடிவி, பூட்டு நம்முடையது, சாவி நம்மிடம். வேறு என்ன வேண்டும்?

நான் பட்டுச் சேலை இருக்கிறது, ஈரம் ஆகாது தம்பி என்று ரெண்டு தடவை கேட்டேன். அவன் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னான்: "அண்ணே, எங்கம்மா கல்யாணப் பட்டையே நான் இங்கதான் வச்சிருக்கேன்."

அந்த வார்த்தையில்தான் நான் விழுந்தேன். கையெழுத்துப் போட்டோம்.

முதல் மாடி நிரம்பிவிட்டது, மூன்றாவது மாடியில்தான் இருக்கிறது, எல்லாம் ஒரே மாதிரிதான் என்றான். மாதம் 262 வெள்ளி வாடகை, 'பாதுகாப்புத் திட்டம்' 18 வெள்ளி, ஆக 280. ஒரு மாத டெப்பாசிட் தனி. ஒப்பந்தம் இங்கிலீஷில் 11 பக்கம், பொடி எழுத்து, லோரிக்காரர் கீழே ஹார்ன் அடித்துக்கொண்டு இருக்கிறார், யார் உட்கார்ந்து படிப்பது?

நடுவில் தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு தடவை போனேன், கதவோரம் இருந்த ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளே போய்ப் பார்க்கவில்லை. அதை நினைத்து நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை பார்த்தது இது. பின்சுவர் ஓரம் கூரைக்குக் கீழே ஒரு வெள்ளைக் குழாய் போகிறது, ஏர்கோன் தண்ணீர் இறங்கும் குழாய். அதன் இணைப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகி, கீழே இருந்த கார்ட்டன் பெட்டிகள் எல்லாம் ஒரு சாண் உயரத்துக்குப் பழுப்புக் கோடு போட்டு ஊறிப்போய் இருந்தன. தொட்டால் அட்டை பிட்டு மாதிரி உதிர்கிறது. மேல் பெட்டிகளுக்குத் தண்ணீர் படவில்லை, ஆனால் அதிலும் பூஞ்சை. ஒரு காஞ்சிபுரம் பட்டை எடுத்து விரித்தேன், மடிப்பு மடிப்பாக மாவு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி, சரிகை முழுக்கக் கறுத்துப் போச்சு. கஞ்சி போட்ட பருத்திச் சேலைகள் இன்னும் மோசம், பூஞ்சைக்குக் கஞ்சியே சாப்பாடு ஆகிவிட்டது. சோபாவின் அடிப்பக்கம் பச்சை பூத்திருக்கிறது. மெத்தையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்பா படம் ஒன்று. 1974-ல் ரப்பர் தோட்டத்தில் எடுத்தது, ரப்பர் பால் வாளியோடு, பால் நிறுக்கும் கொட்டகை முன்னால் நிற்பார். அந்த வயதில் அவருக்கு இருப்பது அந்த ஒரு படம்தான். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஈரம் இறங்கி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. வாளி தெரிகிறது, கை தெரிகிறது, கழுத்துக்கு மேல் ஒரு வெள்ளைத் திட்டு. இதற்கு எத்தனை வெள்ளி என்று நான் போடுவது?

கீழே வந்து காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம் கேட்டேன். நேப்பாளக்காரர், பாவம், உள்ளதைச் சொன்னார். மூன்றாவது மாடி ஏர்கோனை சாயங்காலம் 6 மணிக்கு அடைத்துவிட்டு மறுநாள் காலை 9 மணிக்குத்தான் போடுவார்களாம், ஞாயிற்றுக்கிழமை போடுவதே இல்லையாம். அதுதான் கடைசி மாடி, மேலே தகரக் கூரை, பகலெல்லாம் வெயில், சாயங்காலம் ஆனால் இடி மழை. இந்த ஊர்க் காற்றில் எவ்வளவு ஈரம் என்று வெளியே ரொட்டியை ரெண்டு நாள் வைத்தாலே தெரியும். ஏர்கோனைப் போட்டுப் போட்டு நிறுத்தினால் பட்டு என்ன ஆகும்?

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. அந்தப் பையனுக்கு வாட்ஸ்அப்பில் 31 படம் அனுப்பினேன். நீல டிக் ரெண்டு வந்தது, பதில் இல்லை. கூப்பிட்டால் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் நம்பரிலிருந்து கூப்பிட்டதும் உடனே எடுத்தான், "அக்கா நான் இப்ப வேற கிளைக்கு மாறிட்டேன், கவுண்டர்ல கேளுங்க." கவுண்டரில் ஒரு பெண், மேனேஜர் லீவு, திங்கட்கிழமை வாருங்கள் என்றாள். திங்கட்கிழமை மேனேஜர் வந்தார், படங்களைப் பார்க்கக்கூட இல்லை, ஒப்பந்தத்தில் ஒரு வரியை மஞ்சள் அடித்து என் பக்கம் தள்ளினார்: பொருளை வைப்பது வாடிக்கையாளரின் சொந்தப் பொறுப்பு. சரி, மாதா மாதம் 18 வெள்ளி வாங்கினீர்களே அந்தப் பாதுகாப்புத் திட்டம் என்று கேட்டேன். அது தீ, திருட்டுக்கு மட்டும், அதுவும் 1,000 வெள்ளி வரைதான், பூஞ்சை, ஈரம், பூச்சி இதெல்லாம் சேராது என்றார். குழாய் உங்கள் குழாய், ஒழுகியது உங்கள் குழாய் என்று சொன்னேன். தலைமையகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள் என்றார். போட்டேன். நேற்றுப் பதில் வந்தது: நல்லெண்ண அடிப்படையில் ஒரு மாத வாடகை தள்ளுபடி! அதோடு, மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்து கழுவிக் கொடுக்கவில்லை என்றால் டெப்பாசிட் கிடையாது, என் பூட்டுக்கு மேல் அவர்கள் பூட்டைப் போட்டுவிடுவார்களாம்.

அவர்கள் ஊற்றின தண்ணீரை நான் கழுவிக் கொடுக்க வேண்டும்.

கணக்கு இது. சேலை 46, வாங்கின விலைக்கே 7,360 வெள்ளி. சோபாவும் மெத்தையும் 2,400. மணவறைத் துணி 1,200. ஆறு மாதம் கட்டின 280 வெள்ளி, அது 1,680. மொத்தம் 12,640 வெள்ளி. அப்பா படம் இதில் இல்லை, டெப்பாசிட்டும் இல்லை. 12,640 வெள்ளி என்பது எனக்கு ஒரு தீபாவளி முழுக்க உட்கார்ந்து விற்றால் வரும் காசு.

பயனீட்டாளர் (நுகர்வோர்) நடுவர் மன்றத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். வக்கீல் தேவையில்லை, கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், நடந்து 3 வருடத்துக்குள் போட வேண்டும். இதெல்லாம் நல்ல செய்திதான். ஆனால் போனில் பேசிய அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்: அந்த மன்றம் சொந்த உபயோகத்துக்கு, வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிறவர்களுக்கு. சோபா, மெத்தை சரி, விற்பனைச் சரக்கு என்றால் அங்கே நிற்பது கஷ்டம், சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டியிருக்கும். வீட்டுச் சாமானையும் வியாபாரச் சரக்கையும் ஒரே அறையில், ஒரே ஒப்பந்தத்தில் வைத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதை யாரும் முன்னால் சொல்லவில்லை. வீட்டிலிருந்து வியாபாரம் செய்கிற பெண்கள் எத்தனையோ பேர் இப்படித்தான் கலந்து வைக்கிறீர்கள், தயவுசெய்து பிரியுங்கள். மன்றத்துக்கான படிவத்தைப் பூர்த்தி செய்து வைத்திருக்கிறேன், நாளைக்குப் போடுகிறேன், வீட்டுச் சாமானுக்காவது வரட்டும்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை, கை வலிக்கிறது. அவசரத்துக்கு இது மட்டும். காட்டுகிற அறையைப் பார்க்காதீர்கள், உங்களுக்குக் கொடுக்கப்போகும் அறைக்குள் போய் மேலே அண்ணாந்து பாருங்கள், குழாய் போகிறதா என்று. கடைசி மாடி, கூரைக்கு நேர் கீழே என்றால் வேண்டாம். ராத்திரி 9 மணிக்கு ஒரு தடவை சொல்லாமல் போய் ஏர்கோன் ஓடுகிறதா என்று பாருங்கள். அவர்கள் சொல்லும் காப்புறுதி, பாதுகாப்புத் திட்டம் எதற்கெல்லாம் கிடையாது என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். பையன் வாயால் சொன்னதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள், என்னிடம் அது ஒன்றுகூட இல்லை. கார்ட்டனைத் தரையில் வைக்காதீர்கள், பலகை போட்டு வையுங்கள். மாதம் ஒரு தடவை போய் ஆகக் கடைசிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பட்டும் படமும் அங்கே வேண்டவே வேண்டாம், கட்டிலுக்கு அடியில் வைத்தாலும் வீட்டிலேயே வையுங்கள்.

சனிக்கிழமை காலை 9 மணிக்கு லோரி வருகிறது, காலி செய்யப் போகிறேன். அதற்குள் ஓர் உதவி: கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பழைய போட்டோவைக் கிழியாமல் பிரிக்கத் தெரிந்த ஆள் கோலாலம்பூரில் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள். நாங்கள் இன்னும் அதைத் தொடவில்லை, சட்டத்தோடு அப்படியே ஒரு துண்டில் சுற்றி வைத்திருக்கிறோம்.