பாலக்காடு சினிமா ரசிகர் மாநாடு: நடத்தை விதிகள் எப்படி?
டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே விதிகள், தமிழிலும் மலையாளத்திலும். வேடமிட்டு வந்தவரைக் கேட்காமல் தொடக்கூடாது, படமெடுக்கக்கூடாது என்று தெளிவாக எழுதியிருப்பது அருமை.

சிக்கல் ஒரே வரியில்: "யார் மனமும் புண்படக்கூடாது." இதை வைத்தே, ஒரு நட்சத்திரத்தின் படத்தை விமர்சித்தவரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்கள். படத்தைத் தாக்குவது வேறு, ஆளைத் தாக்குவது வேறு. பிறருக்கு எரிச்சலூட்டும் பேச்சையும் செய்தியையும் தண்டித்த கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததற்கு இப்படி வரையறையற்ற சொற்களும் காரணம். பேச்சுரிமை தரும் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு முதன்மையாக அரசை நோக்கியதுதான்; தனியார் நிகழ்ச்சியின் விதியை அதை வைத்து எளிதில் கேள்வி கேட்க முடியாது. அதனாலேயே விதியை எழுதுபவருக்குக் கவனம் அதிகம் வேண்டும். மிரட்டல், பின்தொடர்தல், சாதியைச் சொல்லித் திட்டுதல் என்று செயல்களைப் பெயரிட்டு எழுதுங்கள்.

இன்னொன்று: புகார் கேட்பவரே வெளியேற்றவும் செய்கிறார். புகார் வாங்க இருவர் வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். முடிவை மறுபரிசீலிக்க வேறொருவர் வேண்டும்.