சிறுவர்களுக்கான ஜிபிஎஸ் கைக்கடிகாரம்: ஐந்து மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் விளையாட்டுத் திடலுக்கு ஒன்பது வயது மகனைத் துணையின்றி அனுப்பலாமா என்பது எங்கள் வீட்டில் ஓராண்டாகத் தீராத வழக்காக இருந்தது. "நீங்கள் எல்லோரும் தெருவில் ஆடி வளர்ந்தவர்கள்தானே" என்பது மாமியாரின் கட்சி. அன்று இத்தனை தண்ணீர் லாரிகள் தெருவுக்குள் வரவில்லை என்பது என் கட்சி. இந்த வழக்கைத் தீர்த்துவைக்கும் என்று நம்பித்தான், சிம் அட்டை போடக்கூடிய சிறுவர் கைக்கடிகாரம் ஒன்றை 4,300 ரூபாய் கொடுத்து இணையத்தில் வாங்கினோம்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது, கடிகாரம் எந்த வலையமைப்பில் இயங்குகிறது என்பது. மலிவான பல கடிகாரங்கள் 2ஜியில் மட்டுமே இயங்குபவை. 2ஜி சேவையே இல்லாத ஜியோவின் சிம் அட்டையை அவற்றில் போட்டுப் பயனில்லை. நாங்கள் வாங்கியது 4ஜி கடிகாரம் என்பதால் அந்தச் சிக்கல் வரவில்லை. மின்கலம் ஒரு நாளைக்குத்தான் தாங்குகிறது. இரவில் மறக்காமல் சார்ஜ் போட்டாக வேண்டும்.

அழைப்பு வசதியைக் குறை சொல்வதற்கில்லை. பக்கவாட்டுப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், நாம் பதிந்து வைத்த மூன்று எண்களையும், யாராவது எடுக்கும் வரை, கடிகாரம் வரிசையாக அழைக்கிறது. பதியாத எண்களிலிருந்து வரும் அழைப்புகள் உள்ளே நுழைவதில்லை. முழங்கால் சிராய்த்துக்கொண்ட ஒரு நாளும், மழையில் மாட்டிக்கொண்ட ஒரு நாளும் மகன் தானாகவே அழைத்தான். கேட்கும் ஒலி சற்றுக் கரகரப்பாக இருந்தாலும் சொல்வது புரிகிறது.

வரைபடத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. வாங்கிய இரண்டாவது வாரம், மாலை ஐந்தரை மணிக்குச் செயலியைத் திறந்தால், மகனைக் குறிக்கும் நீலப் புள்ளி மடிப்பாக்கம் ஏரியின் நடுவில் நின்றது. போட்ட சமையலை அப்படியே விட்டு அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அவனோ நண்பனின் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே, வண்டி நிறுத்துமிடத்தில், இரண்டு ஸ்கூட்டர்களுக்கு நடுவே கோலி ஆடிக்கொண்டிருந்தான். இடத்தைக் கணக்கிடக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை தேவை. கான்கிரீட் கூரைக்குக் கீழே அது எட்டாதபோது கடிகாரம் அருகிலுள்ள கைப்பேசிக் கோபுரங்களைக் கொண்டு ஊகிக்கிறது, அந்த ஊகம் சில நூறு மீட்டர் தவறக்கூடும். திறந்த வெளியில் புள்ளி ஏறக்குறையச் சரியாகவே நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் ஊகத்தையும் உறுதியான இடத்தையும் ஒரே நீல நிறத்தில் காட்டும் செயலியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதைவிட உறுத்தியது வேறொன்று. கணக்கின் தொடக்கக் கடவுச்சொல் 123456. அதை மாற்றும்படி செயலி எங்கும் கேட்கவில்லை, அமைப்புகளுக்குள் தேடிப்போய் நானே மாற்றினேன். கடிகாரம் அணிந்திருப்பவருக்குத் தெரியாமல் சுற்றுப்புறப் பேச்சை ஒட்டுக்கேட்கும் வசதியும் அதில் இருக்கிறது. இத்தகைய கடிகாரங்கள் சிலவற்றின் கட்டுப்பாட்டை முன்பின் தெரியாதவர்கள் கைப்பற்றிக் குழந்தை இருக்கும் இடத்தை அறிய முடியும் என்று 2017 அக்டோபரில் நார்வேயின் நுகர்வோர் அமைப்பு எச்சரித்தது. அடுத்த மாதமே, ஒட்டுக்கேட்கும் வசதியுள்ள சிறுவர் கடிகாரங்களின் விற்பனையை ஜெர்மனியின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு தடைசெய்து, ஏற்கெனவே வாங்கிய பெற்றோர் அவற்றை அழித்துவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. வகுப்பறையில் ஆசிரியர் பேசுவதைக்கூடச் சில பெற்றோர் அதன்மூலம் கேட்டுவந்தார்களாம். நான் அந்த வசதியை முடக்கி வைத்திருக்கிறேன்.

வாங்கியதன் நோக்கத்துக்கு வருகிறேன். திடலையும் எங்கள் தெருவையும் உள்ளடக்கி வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு வைத்தால், பையன் அதைத் தாண்டும்போது எச்சரிக்கை வரும். ஒரு சனிக்கிழமை வட்டம் பச்சையாகவே இருந்தது. அதே நேரத்தில் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்குது, உங்க பையன் அதுக்குப் பின்னாடி பந்து பொறுக்கிட்டு இருக்கான். இழுத்து நிறுத்திட்டுதான் வந்தேன்" என்றார். லாரி, மூடி உடைந்து கிடக்கும் மழைநீர் வடிகால், திடலின் வடக்கு மூலையில் குட்டி போட்டிருக்கும் நாய் என எங்கள் பகுதியில் நான் அஞ்சும் எல்லாமே அந்த வட்டத்துக்கு உள்ளேதான் இருக்கின்றன. பையன் எங்கே இருக்கிறான் என்று கடிகாரம் சொல்லும். அவனுக்குப் பின்னால் என்ன வருகிறது என்பது அதற்குத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு மூன்று மாலைகள் அவனுடன் நடந்து, லாரி நின்றால் பந்தை விட்டுவிட வேண்டும், எந்தத் திருப்பத்தில் நின்று பார்க்க வேண்டும், எந்த ஓரமாக நடக்கக் கூடாது என்பதையெல்லாம் காட்டினேன். திடலுக்கு வரும் மற்ற நான்கு பையன்களின் வீட்டு எண்களை வாங்கி வைத்தேன். இஸ்திரி வண்டிக்காரரிடம் என் எண்ணைக் கொடுத்தேன். இப்போது வாரத்தில் நான்கு நாள் அவன் தனியே போய் ஆறரைக்குள் திரும்புகிறான். கடிகாரம் கையில் இருக்கிறது, செயலியை நான் திறப்பதில்லை.

பத்து வயதுக்குள் குழந்தைக்குக் கைப்பேசி கொடுக்க விரும்பாதவர்கள், அழைப்பு வசதிக்காக மட்டும் இதை வாங்கலாம். வரைபடத்தை நம்பி வாங்க வேண்டாம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன், அவற்றில் இரண்டு அந்தப் பக்கவாட்டுப் பொத்தானுக்கு.