டிஸ்க் டிரைவுக்குக் கூடுதலாக 100 டாலர் கொடுக்கலாமா?

சோனியின் கேம் கன்சோலான பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) வாங்கியபோது, கேம் டிஸ்க் போடும் டிரைவ் உள்ள மாடலைத்தான் எடுத்தேன். 2020 நவம்பரில் வெளிவந்தபோது அதன் விலை 499 டாலர். டிரைவ் இல்லாத, கேம்களை டவுன்லோட் செய்தே விளையாட வேண்டிய டிஜிட்டல் எடிஷன் 399 டாலர். சிப், மெமரி, கேம்களைச் சேமிக்கும் 825 ஜிபி எஸ்எஸ்டி எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். அதனால் கிராபிக்ஸ், வேகம் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

சரி, 100 டாலரை ஏன் விட்டுக்கொடுக்கிறார்கள்? 499 டாலர் மாடல் இனி நஷ்டத்தில் விற்கவில்லை என்றும், டிஜிட்டல் மாடலின் நஷ்டத்தை மற்ற ஹார்டுவேர் விற்பனை ஈடுகட்டும் என்றும் 2021 ஆகஸ்டில் சோனி சொன்னது. கையைக் கடித்தாலும் விற்கிறார்கள் என்றால், பணம் வேறு எங்கோ வருகிறது என்று அர்த்தம். வருகிற இடம் சோனியின் ஆன்லைன் ஸ்டோர். அங்கே விற்கும் பிற நிறுவனங்களின் கேம்களில் வழக்கமாக 30 சதவீதம் கன்சோல் நிறுவனத்துக்கு. சொந்த கேம் என்றால் கடைக்காரர் கமிஷன், டிஸ்க் அச்சிடும் செலவு, லாரி வாடகை எதுவும் இல்லை.

டிரைவ் இல்லாதவருக்கு அந்த ஒரே கடைதான். முழு கேம்களை ஸ்டோரில் பெற உதவும் குறியீட்டு எண்களை (டிஜிட்டல் கோட்) மற்ற கடைகள் விற்பதையும் சோனி 2019 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. விலை குறையும்வரை காத்திருக்கலாம், வேறு கடையில் பேரம் பார்க்க முடியாது.

டிஸ்க் விஷயத்தில் மறுவிற்பனைதான் என் முடிவைத் தீர்மானித்தது. டிஸ்க்கைப் போட்டாலும் கேம் எஸ்எஸ்டியில்தான் ஏறுகிறது. விளையாடும்போது டிஸ்க் டிரைவில் இருந்தாக வேண்டும், அவ்வளவே. அந்த டிஸ்க்தான் உரிமைச் சீட்டு. விளையாடி முடித்துவிட்டு விற்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம். அப்படிக் கைமாறும்போது சோனிக்கோ கேம் நிறுவனத்துக்கோ ஒரு பைசா வராது. 2013இல் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலில் பழைய டிஸ்க் விற்பனைக்குக் கட்டுப்பாடு போடப் பார்த்ததும், எதிர்ப்பு கிளம்பிச் சில வாரங்களில் பின்வாங்கியதும் நினைவிருக்கலாம். அன்று தடைபோட முடியாததை இன்று டிரைவை எடுத்துவிட்டே சாதிக்கிறார்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் மாடலில் டிரைவே கிடையாது. 2024இல் வந்த பிஎஸ்5 ப்ரோவும் 699.99 டாலருக்கு டிரைவ் இல்லாமல்தான் வந்தது.

புது கேம் ஒன்று 70 டாலர். வாங்கிய டிஸ்க்குகளில் சிலவற்றைப் பாதி விலைக்குத் தள்ளினாலே அந்த 100 டாலர் திரும்பிவிடும். வருஷத்துக்கு ஒரு கேம் வாங்கி அதையும் விற்காமல் வைத்துக்கொள்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேம்களே போதும் என்பவர் யோசிக்காமல் டிஜிட்டல் எடுக்கலாம். சந்தா கட்டிப் பல கேம்களை விளையாடும் எக்ஸ்பாக்ஸின் கேம் பாஸ் போன்ற முறையை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை. அதிலேயே காலம் தள்ளுபவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம்.

இன்னும் முடிவெடுக்காதவர்களுக்கு ஒரு வசதி: 2023இல் வந்த மெலிந்த மாடலிலும் ப்ரோவிலும் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம். அறிமுக விலை 79.99 டாலர். முதல் தடவை மாட்டும்போது மட்டும் இன்டர்நெட் வேண்டும்.